சின்னம்மாவின் வீடு சோனுக்குள் இருந்தது

சின்னம்மா என்னுடைய பல் தீட்டும் பிரஷை எடுத்துக்கொண்டு வந்து அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் மூக்குக்கு நேரே பிடித்தார். இன்னும் ஈரம் காயவில்லை, வேண்டுமென்றால் தொட்டுப் பாருங்கள் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் ஓர் அடி பின்னால் நகர்ந்து, தேவையில்லை, தேவையில்லை என்று கையை ஆட்டினார். அவர் என் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர். நான் உண்மையிலேயே அந்த வீட்டில்தான் வசிக்கிறேனா என்று பார்த்துப் போவது அவருடைய வேலை. எனக்கென்று ஓர் அறை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார். சின்னம்மாவுக்கு அது போதவில்லை. அலுமாரியைத் திறந்து என் உடுப்புகளைக் காட்டினார். கட்டிலைக் காட்டினார். தலையணை உறையில் ஊறியிருந்த தேங்காயெண்ணெய்க் கறையைக் காட்டி, இது என் தலை இல்லை, இவளுடைய தலை என்றார். நான் யூனிபோமோடு அறை வாசலில் நின்று, பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண் குசினிக் கதிரையில் இருத்தப்பட்டு, ஒரு மீன் கட்லட்டும் பால் விடாத பிளேன்ரீயும் முடித்த பிறகுதான் வெளியே போக விடப்பட்டார்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. மெல்பேர்னில் நல்ல பெயர் எடுத்த அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் குடியிருக்கிற பிள்ளைக்கு இடம் நிச்சயம். ஒரு தெரு தள்ளி இருந்தால் இல்லை. இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அதை ஆங்கிலத்திலேயே சோன் என்பார்கள். கலியாணம் பேசுகிற இடத்தில்கூட மாப்பிள்ளையின் வீடு எந்தச் சோன் என்று விசாரித்தவர்களை எனக்குத் தெரியும். சின்னம்மாவின் வீடு கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், சோனுக்கு நட்டநடுவில் இருந்தது. எங்கள் வீடு கிரான்பேர்ன் தாண்டிப் புதிதாகக் கிளம்பிய ஒரு குடியிருப்பில். அதற்கு அப்பால் அந்த நாளில் மாடுகள்தான் மேய்ந்தன. அங்கேயும் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம் இருந்தது. அதே அரசாங்கம், அதே பாடத்திட்டம். ஆனால் அதன் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்கள் "ஆ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பாவின் சம்பளம் இடம்கொடுக்கவில்லை. ஆகவே அம்மா என்னைத் தன் தங்கையின் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிய வழக்கமில்லை. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போன எத்தனையோ பேர் பெரியப்பா வீட்டிலோ மாமி வீட்டிலோ நின்றுதான் படித்தார்கள். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. இந்த நாட்டில் அதை எப்படி விளங்கப்படுத்துவது என்பதுதான் பிரச்சினை. தாயும் தகப்பனும் உயிரோடு, இதே நகரத்தில், காரில் வந்துபோகிற தூரத்தில் இருக்கும்போது பிள்ளை ஏன் இங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் கட்லட்டைக் கடித்துக்கொண்டே கேட்டார். சின்னம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நானும் தாய்தானே" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அதை ஆங்கிலத்தில் சொல்லும்படி என்னிடம் விட்டார். நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. எப்படியோ என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை.

சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா அதற்கு முந்தின வருடம் வேலைத்தலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோயிருந்தார். அவர்கள் அந்த வீட்டை வாங்கிய காலத்தில் அந்தப் பகுதிக்கு இவ்வளவு மவுசு இல்லை. ரயில் பக்கத்தில் இருக்கிறது என்று சித்தப்பா வாங்கியதாகத்தான் சொல்வார்கள். அவர் போன பிறகு எங்கள் ஆட்களுக்கு அந்த வீட்டின் அருமை தெரிந்தது. ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது யாராவது ஓர் அன்ரி சின்னம்மாவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போவார். விலாசத்தை மட்டும் பாவிக்க விடுங்கோ, பிள்ளை எங்களோடதான் இருக்கும், உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை என்பார். சின்னம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "விலாசம் தரமாட்டன். பிள்ளையைத் தாங்கோ, வைச்சிருந்து படிப்பிக்கிறன். பொய் சொல்லிப்போட்டு வந்து நன்மை எடுக்கேலாது." நற்கருணை வாங்குகிற நாக்கால் பொய் சொல்லக் கூடாது என்பது அவருடைய கட்சி. பிள்ளையைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அவர்கள் வேறு யாருடைய விலாசத்தையாவது பிடித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் என்னோடு அதே வகுப்பில் இருந்தார்கள். பின்னேரம் மணியடித்ததும் தாயின் காரில் ஏறித் தாயின் வீட்டுக்குப் போனார்கள். உண்மை பேசிய வீட்டுப் பிள்ளை நான், தனியே நடந்து சின்னம்மா வீட்டுக்குப் போனேன். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை.

சின்னம்மா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். வேலை நாட்களில் விடியவே போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது மேசையில் சோறும் கறியும் மூடியபடி இருக்கும், பக்கத்தில் இரண்டு தட்டு. அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டைப் பின்னேரம் என்னோடுதான் சாப்பிடுவார். எனக்காக இந்த மனுசி பசி கிடக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டேன், பசியில்லை என்று சொன்ன நாட்களில் அவரும் தட்டைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு நான் பசியில்லாவிட்டாலும் சாப்பிடப் பழகிக்கொண்டேன். அந்த வருடம் நான் நன்றாகக் கொழுத்தேன்.

படிப்பைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சோனுக்காக என்னை வீட்டில் வைத்திருந்த ஆள் என் கொப்பியை ஒருமுறையாவது திறந்து பார்த்தாரா என்றால், இல்லை. அவர் கேட்கிறதெல்லாம் ஒரே கேள்வி. "இண்டைக்கு ஆரோட இருந்து சாப்பிட்டனி?" ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் சுகம் விசாரிப்பார். ஒருத்தரோடும் இல்லை, தனியத்தான் என்றால் முகம் மாறிவிடும். மறுநாள் என் சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு கட்லட் கூடுதலாக இருக்கும், யாருக்காவது கொடுக்கச் சொல்லி. அந்தக் கட்லட்டுகளால்தான் எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள்.

பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் உபகரணம் இருந்தது. ஒரு முழு வாத்தியக் குழு இருந்தது. ஆசிரியர்கள் வருடக்கணக்காக அங்கேயே இருந்தார்கள். ஆனால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பின்னேரத்தில் ரியூசனுக்குப் போனார்கள். பரீட்சை முடிவு வந்து பத்திரிகையில் பள்ளிக்கூடத்தின் பெயர் மேலே வரும்போது, அந்த மதிப்பெண் பள்ளிக்கூடத்தினுடையதா, ரியூசனுடையதா, சோனுக்குள் வீடு வாங்கக்கூடிய தாய் தகப்பனுடையதா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது நானே ஆசிரியை. இன்னும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா என்னைக் கூட்டிப்போக வருவார். கிழமை முழுவதும் நான் காத்திருந்த நேரம் அது. கார்ச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவேன். அம்மா என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, என்னைத் தாண்டி நேரே குசினிக்குப் போவார். அடுப்பிலிருக்கிற சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்ப்பார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து, "சாப்பிடுறியோ?" என்று கேட்பார். என்னிடம் அந்தக் கேள்வி கடைசியாகத்தான் வரும், சில நாட்களில் வராமலும் போகும். எனக்கு அது பொல்லாத மனவருத்தமாக இருந்தது. ஐந்து நாட்கள் காணாத மகளைவிட மீன்குழம்புச் சட்டி பெரிதாகப் போய்விட்டதா என்று காரில் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இப்படித்தான். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒன்று அந்த வருடங்களில் வளராமல் போய்விட்டது. இன்றைக்கும் அம்மாவின் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கிளாஸ் அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடுகிறவள் நான்.

என் தம்பிக்குக் கிளாஸ் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவன் அம்மாவோடேயே வளர்ந்தவன். அவன் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது சின்னம்மா, இவனையும் கொண்டுவந்து விடு அக்கா, இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது என்றார். அம்மா, "ஒண்டைத் தந்திட்டன். மற்றது என்னோட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் சின்னம்மா வற்புறுத்தவில்லை. ஆகவே தம்பி, பெயரைச் சொன்னால் ஆட்கள் பேச்சை மாற்றுகிற அந்தக் கிரான்பேர்ன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வருடத்தின் நடுவில் கணித ஆசிரியர் விட்டுப்போனார். மழை பெய்தால் தகரக்கூரை வகுப்பறையில் ஒன்றும் கேட்காது என்பான். அப்படிப் படித்தவன் இன்றைக்கு அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் கணினி வேலையில் பெரிய ஆளாக இருக்கிறான். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்த நான், அவன் படித்த அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

இதை நான் விரும்பித்தான் செய்தேன். பல்கலைக்கழகம் முடித்து வந்தபோது, நான் எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து காப்பாற்றப்பட்டேனோ அதை நல்ல பள்ளிக்கூடமாக ஆக்கிக் காட்டுவேன் என்று ஒரு வேகம் இருந்தது. வேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் களைத்துப்போயிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏழாம் வகுப்பில் துடியான பிள்ளைகள் கொஞ்சப் பேர் வருவார்கள். எட்டாம் வகுப்பு முடிய, அவர்களில் பாதிப் பேர், கெட்டிக்காரரை மட்டும் சேர்க்கிற அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்குத் தெரிவுப் பரீட்சை எழுதிப் போய்விடுவார்கள், அல்லது ஒரு நல்ல சோனுக்கு வீடு மாறிவிடுவார்கள். மேல் வகுப்பில் பௌதிகம் படிக்க ஆள் போதாமல் அந்த வகுப்பையே நிறுத்திவிட்டோம். விருப்பமுள்ள ஒன்றிரண்டு பேர் கணினித் திரைக்கு முன்னால் இருந்து எங்கேயோ இருக்கிற ஆசிரியரிடம் படிக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்னும் கொஞ்சப் பேர் போய்விடுகிறார்கள். போகிறவர்களைக் கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நானும் அப்படிப் போனவள்தான்.

தம்பியோடு தொலைபேசியில் பேசினால் பாதி நேரம் பள்ளிக்கூடக் கதைதான். "இஞ்ச இன்னும் மோசம் அக்கா. ஊருக்கு ஊர் வீட்டு வரியிலதான் பள்ளிக்கூடம் ஓடுது. வீடு விலைகூடின ஊரில நீச்சல் குளமும் இருக்கு. பக்கத்து ஊரில ஹீற்றர் வேலை செய்யாது" என்பான். எல்லா வரியையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட வேண்டும், அதைச் செய்யாமல் அமெரிக்காவில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தைத் திருத்த முடியாது என்று உணர்ச்சியோடு சொல்வான். அவன் எங்கே வீடு வாங்கியிருக்கிறான் என்றால், அந்த நீச்சல் குளம் இருக்கிற ஊரில். அப்போ உன் ஊர் வரியையும் பங்கிடுவார்களே என்று நான் ஒருமுறை கேட்டேன். "பங்கிடத்தான் வேணும். ஆனா என்ர மகன் படிச்சு முடிச்சாப்பிறகு செய்யட்டும்" என்றான். சிரித்தான், ஆனால் பகிடிக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே வாக்குவாதம்தான். சோனை முற்றாக எடுத்துவிட வேண்டும், எந்தப் பிள்ளையும் எங்கேயும் போகலாம் என்று ஒருவர் சொல்வார். சரிதானே என்று நினைப்பேன். உடனே இன்னொருவர், அப்படிச் செய்தால் காரும் நேரமும் உள்ள தாய் தகப்பனின் பிள்ளைதான் போகும், மற்றதுகள் இன்னும் தனித்துப்போகும், ஆகவே சோனை இறுக்க வேண்டும் என்பார். அதுவும் சரிதானே என்று நினைப்பேன். தெரிவுப் பள்ளிக்கூடங்களை மூட வேண்டும் என்று மூன்றாவது ஆள் தொடங்கும்போது நான் எழும்பித் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். எந்தப் பக்கம் பேசினாலும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் என் வீட்டு ஆள் ஒருவர் நிற்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் புதிய அதிபர்கள் வருகிறார்கள், புதிய திட்டம் கொண்டுவருகிறார்கள், திட்டத்துக்கு ஒரு சுவரொட்டி அடிக்கிறார்கள், போகிறார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன்.

போன வருடம் புதிய பெற்றோருக்குப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டுகிற நாளில் ஒரு தமிழ்த் தகப்பன் வந்திருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர் என்றார். ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டுத் திடல் எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். மற்றவர்கள் முன்னே போனதும் நின்று, குரலைத் தாழ்த்தி, "மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணா இருந்தா இங்க சேர்ப்பீங்களா?" என்று கேட்டார். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையை ஆட்டினார். என் பதில் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவருடைய பிள்ளை எங்களிடம் வரவில்லை.

இந்த வருடம் மகள் ஆறாம் வகுப்பு. காலம் முடிந்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூடம் என்று இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்ற நிலையில்தான் சின்னம்மா தொலைபேசி எடுத்தார். "பிள்ளையை இஞ்ச கொண்டுவந்து விடு. நீ இருந்த அறை அப்பிடியே கிடக்கு. நீ படிச்ச பள்ளிக்கூடத்திலயே படிக்கட்டும்." இப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. வேலையை விட்டுவிட்டார். தனியேதான் இருக்கிறார். ஏதோ நான் மறந்துபோன ஒரு விடயத்தை ஞாபகப்படுத்துகிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் கணவரிடம் கேட்டேன். அவர் நகரத்தில் வேலை செய்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிறவர். "நீதான் ரீச்சர், உனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் என்னுடைய கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கிளென் வேவர்லிக்குப் போனேன். தெருவில் பழைய வீடுகளை இடித்து இரண்டு மாடி வீடுகளாகக் கட்டியிருந்தார்கள். சின்னம்மாவின் ஓட்டு வீடு மட்டும் நடுவில் குந்தியிருந்தது. விற்கிறீர்களா என்று கேட்டு முகவர்கள் கிழமைக்குக் கிழமை கதவைத் தட்டுகிறார்கள் என்றார். அறையில் புதுப் படுக்கை விரிப்பு போட்டிருந்தார். மகள் கிளாரினெட் வாசிக்கிறவள். அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவைப் பற்றிச் சின்னம்மா யாரிடமோ விசாரித்து வைத்திருந்து அவளுக்குச் சொன்னார். என் பள்ளிக்கூடத்தில் கிளாரினெட் படிப்பிக்க ஆள் இல்லை. மகளின் கண் ஒருமுறை விரிந்ததை நான் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டேன். "ஐ டோன்ற் மைன்ட், அம்மா" என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு ஆங்கிலத்தில், ஆனால் நீங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் நல்லதில்லையா என்று கேட்டாள். பக்கத்தில் லொறி ஒன்று வந்தது. அதற்கு வழிவிடுகிற சாட்டில் நான் காரை மெதுவாக்கினேன்.

நேரே அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அப்பா காலமான பிறகு அம்மா எங்களுக்குக் கிட்ட ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார். பின்வளவில் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகள் உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டாள். நான் விரிப்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, சின்னம்மா பிள்ளையைக் கேட்கிறா, என்ன செய்ய என்று கேட்டேன். அம்மா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் குத்தினார். "பள்ளிக்கூடத்துக்கெண்டு விடப்போறியோ, சின்னம்மாவுக்கெண்டு விடப்போறியோ?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத்தானே, நீங்கள் என்னை விட்டமாதிரி என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உன்னை நான் பள்ளிக்கூடத்துக்கெண்டே விட்டனான்? அந்த மனுசன் செத்தாப்பிறகு அவள் சமைக்கிறதில்லை, சாப்பிடுறதில்லை. வேலைக்குப் போவாள், வந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பாள். எங்களோட வந்து இரு எண்டு எத்தினை தரம் கேட்டனான். வரமாட்டன் எண்டிட்டாள். துணைக்குப் பிள்ளையை விடுறன் எண்டு சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள், அவ்வளவு ரோசம். அதுதான் போய் அழுதனான். இஞ்சத்தைப் பள்ளிக்கூடம் சரியில்லை, பிள்ளை பழுதாப்போயிடும், நீதான் காப்பாத்தவேணும் எண்டு. உடன ஓம் எண்டாள். விலாசத்தைத் தா எண்டு கேட்டால் தரமாட்டாள், பிள்ளையைத்தான் கேப்பாள் எண்டும் எனக்குத் தெரியும்."

அப்போ இங்கத்தைப் பள்ளிக்கூடம், என்றேன்.

"அதுக்கு என்ன குறை? தம்பி அங்கதானே படிச்சவன்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த விரிப்பை உதறினார்.

நான் அந்த ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் சட்டிகளைத் திறந்து பார்த்தது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னை ஏன் கேட்காமல் கொடுத்தீர்கள் என்று சண்டை பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு மோசமான பள்ளிக்கூடத்திலிருந்து தப்பியவள் என்று நினைத்து அதைத் திருத்துவதற்காகவே அங்கே வேலைக்குப் போனேன். அது மோசமானது என்று எனக்குச் சொன்ன ஆள் அதை நம்பவே இல்லை. நம்பியிருந்தால் தன் செல்ல மகனை அங்கே அனுப்பியிருப்பாரா? அப்படியென்றால் அது நல்ல பள்ளிக்கூடமா? அதுவும் இல்லை. பௌதிக வகுப்பு நின்றுபோனது உண்மைதானே, கிளாரினெட் படிப்பிக்க ஆள் இல்லாததும் உண்மைதானே. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. "சின்னம்மாவுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டேன். "நான் சொல்லேல்லை" என்றார் அம்மா.

இரண்டு கிழமை இதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்களின் முடிவுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பஸ் நேரங்களைப் பார்த்தேன். நல்லது கெட்டது என்று எந்தப் பக்கத்தால் கணக்குப் பார்த்தாலும் அது ஓரிடத்தில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் பிள்ளையைக் காணாமல் இருக்க என்னால் ஏலாது. அம்மாவுக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை. ஓர் ஆசிரியை தன் மகளின் பள்ளிக்கூடத்தைத் தெரிவுசெய்ய இது ஒரு காரணமா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சின்னம்மா அந்த வீட்டில் தனியே இருந்து என்ன சாப்பிடுகிறார் என்ற யோசனையும் அதோடு சேர்ந்து வந்து நின்றது.

சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பிள்ளையை என் பள்ளிக்கூடத்திலேயே விடப்போகிறேன் என்றேன். "ஏன், இஞ்ச என்ன குறை?" என்றார்.

"குறை ஒண்டுமில்லை சின்னம்மா. ஆனா எனக்கு வேற ஒரு பிரச்சினை இருக்கு. பள்ளிக்கூடம் விட்டு அவ வீட்டை வாற நேரம் ஒருத்தரும் இருக்கமாட்டம். அவர் இருட்டினாப்பிறகுதான் வாறவர். எனக்குப் பின்னேரத்தில கூட்டம். வளர்ற பிள்ளை தனிய இருந்து பழுதாப்போயிடும். நீங்கள் எங்களோட வந்து நிண்டால்தான் அவவைப் படிப்பிக்கலாம்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கிழமைக்கு ஒரு நாள்தான். அதை நான் சொல்லவில்லை. சின்னம்மா தொலைபேசியை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"உன்ர பள்ளிக்கூடம் நல்லதோ?" என்று கேட்டார்.

அதற்குச் சொல்வதற்கு என்னிடம் பாடமாக்கிய ஒரு பேச்சு இருக்கிறது. பல்லினப் பிள்ளைகள், அக்கறையுள்ள ஆசிரியர்கள், புதிய திட்டம். எத்தனையோ பெற்றோருக்குச் சொன்னது. சின்னம்மாவுக்கு அது வாயில் வரவில்லை.

"தெரியேல்லை சின்னம்மா. நீங்கள் வந்து பாருங்கோ."

"ம்" என்றார். பிறகு, "ஒரு தவணைக்கு வாறன். பிள்ளையின்ர படிப்புக்காகத்தான் வாறன் எண்டு கொம்மாட்டச் சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.